தவராணியின் இரண்டு கொடிகள்

ஆகஸ்ட் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி நாற்பத்தொன்றுக்கு, வாரமூக் ஊரின் உதைபந்தாட்டக் கிளப்புக்காகத் துஷ்யந்தன் உதைத்த பந்து மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, கோதுமை சேமிக்கும் சைலோக்களின் உயரத்தைத் தாண்டி, வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் கூட்டமாகத் திரும்புகிற உயரத்தையும் தாண்டி, கடுகளவாகித் தெற்குக் கம்பங்களுக்கு நேர் மேலே போய் நின்றது. இறங்கவில்லை.

பந்து அவன் காலை விட்டுப் புறப்பட்ட பிறகுதான் ஆட்டம் முடியும் சைரன் ஊதியது. அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: சைரன் ஊதும்போது பந்து காற்றில் இருந்தால், அந்த உதை என்னவாயிற்று என்று தெரியும்வரை ஆட்டம் முடிவதில்லை. விதியை எழுதியவர்கள் நல்ல கவனமான மனிதர்கள். பந்து கீழே வரும் என்பதை மட்டும் யோசிக்காமலே நம்பிவிட்டார்கள்.

கம்பங்களுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டுடன், கையில் இரண்டு கொடிகளுடன் நின்றவள் தவராணி. அந்த ஆட்டத்தில் மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையே பந்து போனால் ஆறு புள்ளி, அதற்குக் கோல் நடுவர் இரண்டு கொடிகளையும் வீச வேண்டும். ஓரத்துக் குட்டைக் கம்பங்களின் பக்கம் போனாலோ, எதிர்த்தரப்பில் ஒருவரின் விரல் பட்டுப் போனாலோ, ஒரு புள்ளி, ஒரு கொடி. வாரமூக் அப்போது அயலூரான லோவன்டேலை விட இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. இரண்டு கொடி வெற்றி. ஒரு கொடி தோல்வி.

வெறும் தோல்வியென்றால் வாரமூக் அதற்குப் பழகியிருந்தது. இரண்டு வருடங்களில் முப்பத்தைந்து ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றிருந்தார்கள். ஏரி வற்றிப் பன்னிரண்டு வருடமாகியும் சட்டையின் நெஞ்சில் கூழைக்கடாவைச் சுமந்துகொண்டு, பதினெட்டுப் பேர் வேண்டிய இடத்தில் பதினாறு பேருடன் ஓடித் தோற்றிருந்தார்கள். ஆனால் இரண்டு வருடம் ஓர் ஆட்டமும் வெல்லாத கிளப்பை மூடி, அயலூர்க் கிளப்புடன் சேர்த்துவிடுவது என்று மாவட்ட லீக் தீர்மானித்திருந்தது. வாரமூக்கில் வங்கி போயிருந்தது, ரயில் போயிருந்தது, பாடசாலையின் மேல்வகுப்புகள் போயிருந்தன. கிளப்பும் போனால் சனிக்கிழமை என்று ஒரு கிழமை அந்த ஊருக்கு இருக்காது. முப்பத்தாறாவது ஆட்டத்தின் கடைசி உதை அது.

துஷ்யந்தன் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் பகுதியில் வேலை செய்தான். தவராணி வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். பந்தின் நுனி கீழே பார்க்கும்படி விட்டு உதைக்க வேண்டும் என்று கிளப் தலைவர் ரெக்ஸ் அவனுக்கு நூறு தடவை சொல்லியிருந்தார். ஆனால் அவன் தன் ஊரான வன்னியில் கோல் காப்பாளனாக இருந்தவன், அவசரத்தில் உருண்டைப் பந்தைக் கைவிடுவதுபோல முட்டைப் பந்தைப் படுக்கையாகக் கைவிட்டு முழுப்பலத்துடன் உதைத்தான். அப்படி உதைத்தால் பந்து எங்கே போகும் என்று அந்த நாட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி யாரும் உதைத்ததில்லை.

முதலில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஆறு மணிக்கு மாடு கறக்க வேண்டியவர்கள் போனார்கள். ஏழு மணிக்கு மற்றவர்களும் போனார்கள். தவராணி நின்றாள். அவள் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் இருந்தாள், இந்த ஆட்டத்துக்கும் அவளுக்கும் ஆறு மாதப் பழக்கம்தான். துஷ்யந்தனுக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்க வந்த ஒரு சனிக்கிழமை, பழைய கோல் நடுவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை என்றும் ஆளில்லை என்றும் சொல்லி ரெக்ஸ் கோட்டை நீட்டினார். நேராகப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அவளுக்குத் தெரிந்த எல்லா வேலைகளிலும் இதுதான் பிடித்திருந்தது: குனிந்து பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும், சிரிக்கக்கூடாது.

எட்டு மணிக்கு ரெக்ஸ் ஒரு கதிரையும் பிளாஸ்க்கில் தேநீரும் கொண்டு வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது, அந்த ஊரில் யார் என்ன சொன்னாலும் விழுவதுபோல, அவள் காதில் வன்னித் தமிழாக விழுந்தது.

“வீட்டை போ பிள்ளை. நாளைக்கு வரும்.”

“வந்தால் ஆர் பார்க்கிறது?” என்றாள் தவராணி.

ரெக்ஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் ஒன்றுதான் இருந்தது: ஓர் ஆட்டத்தைத் தொடங்கிய கோல் நடுவர்தான் அதை முடிக்க வேண்டும்.

பந்து மறுநாளும் வரவில்லை, அந்தக் கிழமையும் வரவில்லை. லீக் செயலாளர் பென்னிங்டன் தொலைநோக்கியுடன் வந்து பார்த்து, பந்து அங்கேதான் இருக்கிறது, மெல்லச் சுழல்கிறது, ஆகவே உதை முடியவில்லை என்று குறித்துக்கொண்டு போனார். ஆட்டம் முடியாததால் ஆட்டக்காரர்களும் கலைய முடியாது. இரண்டு ஊர்களும் பேசி, சனிக்கிழமைகளில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை இரு தரப்பும் தங்கள் தங்கள் இடங்களில் வந்து நிற்பது, மற்ற நேரங்களில் தேவையானவர்கள் மட்டும் நிற்பது என்று முடிவெடுத்தார்கள். தேவையானவர்கள் இருவர். பந்தைப் பார்க்கத் தவராணி. பந்தைத் தடுக்க, கம்பங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் லோவன்டேலின் ஹேமிஷ்.

முதியோர் இல்லத்து நிர்வாகி யோசித்துவிட்டு, துணி எங்கே காய்ந்தாலும் துணிதானே என்று, தெற்குக் கம்பங்களுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு இஸ்திரி மேசையை அங்கே வைக்கச் சொன்னாள். நாற்பது கிழவர் கிழவிகளின் படுக்கை விரிப்புகள் மைதானத்து வேலி முழுக்க வெள்ளையாகத் தொங்கின. ஹேமிஷ் ஆடு வளர்ப்பவன். அவன் தன் நூற்றுப்பத்து ஆடுகளை மைதானத்துக்கே ஓட்டி வந்தான், அதன் பிறகு வாரமூக் கிளப்புக்குப் புல்வெட்டும் வேலை இருக்கவில்லை. இரவில் அவர்கள் முறை வைத்து, ஒருவர் ஹேமிஷின் யூட் என்கிற சின்ன லொறியின் பின்தட்டில் படுக்க மற்றவர் மேலே பார்த்தார்கள். தவராணியின் புருஷன் கிருபாகரன் முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், இரண்டாம் மாதம் சமையல் அடுப்பைக் கொட்டகைக்குக் கொண்டு வந்தான்.

அறுவடை வந்தது. கோதுமைக்காரர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பந்தைப் பார்த்துச் சொன்னார்கள். மருந்து தெளிக்கும் விமானக்காரன் அதைச் சுற்றிக்கொண்டு போனான். கிரிக்கெட் காலத்தில் கிரிக்கெட்காரர்கள் ஆடுகளுக்கும் விரிப்புகளுக்கும் இடையில் ஆடினார்கள், மேலே போகும் பந்துகளைப் பிடிக்கும்போது எந்தப் பந்து என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். கலியாணம் முடித்தவர்கள் அதன்கீழ் நின்று படம் எடுத்தார்கள், படத்தில் அது விழவே இல்லை. பேக்கரிக்காரி மொரீன் காலையில் போகும் வழியில் தவராணிக்கு இரண்டு பணிஸ் வைத்துவிட்டுப் போனாள். குழந்தைகளுக்கு, பந்து இல்லாத வானம் ஒன்று இருந்தது என்று சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

இறைச்சித் தொழிற்சாலைக்காரர்கள் முதலில் பந்தைப் பார்க்கத்தான் வந்தார்கள். பர்மாவிலிருந்து வந்த கரேன்காரர், சமோவாக்காரர், ஆப்கானியர், வன்னியாட்கள், சிகரெட் நேரத்தில் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் ஒரு மைதானத்தின் ஓரத்தில் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது. யாரோ ஒரு பழைய பந்தை உதைத்தார்கள், யாரோ பிடித்தார்கள். பத்து வருடமாக ஒவ்வொரு மதுக்கடையிலும் ஆள் கேட்டு அலுத்துப்போன ரெக்ஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து எண்ணினார், முப்பத்தொரு பேர். அவர் போய்த் தன் யூட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, விசிலுடன் திரும்பி வந்தார்.

ஏப்ரலில் புதிய பருவம் தொடங்க வேண்டியிருந்தது. பழையது முடியாமல் புதியது தொடங்குவது எப்படி என்று லீக் மூன்று கூட்டம் போட்டது. கடைசியில், வாரமூக் தற்காலிகமாக ஆடலாம், பழைய ஆட்டம் வெற்றியாக முடிந்தால் இந்த ஆட்டங்கள் செல்லும், தோல்வியாக முடிந்தால் கிளப்பும் இல்லை, ஆட்டங்களும் இல்லை என்று எழுதி அனுப்பியது. ரெக்ஸ் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டு வன்னியாட்களும் ஆப்கானியரும் சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் அந்த நாட்டில் தற்காலிக விசாவில்தான் பன்னிரண்டு வருடம் இருந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு புள்ளியால் தோற்றார்கள். அடுத்ததில் தொண்ணூறு. பிறகு அறுபத்திரண்டு. பிறகு மழையில் பதினேழு. அந்த ஆட்டங்களுக்கு லீக் வேறு கோல் நடுவரை அனுப்பியது, அவர் தவராணிக்கு அருகில் நின்று கீழே பார்த்தார், அவள் மேலே பார்த்தாள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சேற்றில், துஷ்யந்தன் நுனி கீழே பார்க்கும்படி விட்டு உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே போனபோது வாரமூக் நான்கு புள்ளியால் வென்றது. கோல் விழும்போது மைதானத்தைச் சுற்றி நிறுத்திய கார்கள் ஹோர்ன் அடிப்பது அங்கே வழக்கம், அன்று நாய்கள் பயந்து ஓடும்வரை அடித்தார்கள். வென்றால் ஆட்டக்காரர்கள் வட்டமாக நின்று கிளப்பின் பாட்டைப் பாட வேண்டும். வரிகள் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தன. மற்றவர்கள் வாயை அசைத்தார்கள்.

ஒரு வெற்றியைக் கண்டபின் ஊர் மாறியது. அதுவரை பந்து மேலே இருப்பதே போதும் என்றிருந்தவர்கள், இப்போது இந்த வெற்றி செல்லுபடியாக வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினார்கள். மறுநாள் காலை ரெக்ஸ் கொட்டகைக்கு வந்தார். தவராணி தலையணை உறை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“இரண்டு கொடியையும் வீசு, ராணி. ஒருத்தரும் ஒண்டும் கேட்க மாட்டினம்.”

“வராத பந்துக்கோ?”

“பதினொரு மாசம் நிண்டிட்டாய். இன்னும் என்ன?”

அவள் உறையை மடித்து வைத்தாள். துஷ்யந்தன் பின்னேரம் வந்தான், கெஞ்சினான். “என்ர உதை அக்கா. எனக்குத் தெரியும், அது நேர கோல்தான்.” அவள் அவனுக்குச் சாப்பாடு போட்டாள், கொடியைத் தொடவில்லை. அடுத்த கிழமை பென்னிங்டன் வந்து மறுபக்கத்திலிருந்து கேட்டார்: இந்தப் பந்து இனி வராது, புள்ளியில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், நீங்களும் களைத்துவிட்டீர்கள். அவருக்கும் அவள் தேநீர் கொடுத்தாள், கையெழுத்துக் கொடுக்கவில்லை.

வன்னியில் ஒருமுறை அவளிடம் ஒரு தாள் வந்திருந்தது. போரின் முடிவில் காணாமற்போன அவளுடைய அண்ணனின் பெயரும், ஒரு திகதியும், இறந்தார் என்ற சொல்லும் அதில் இருந்தன. அம்மா கையெழுத்து வைத்தாள். அம்மாவுக்கு அதற்குக் காரணங்கள் இருந்தன. தவராணி பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அண்ணை ஆமியின்ர பஸ்ஸில் ஏறினதைக் கண்டனான், அதை எழுதித் தாருங்கோ வைக்கிறன் என்று சொன்னாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அப்படி எழுதுவதற்குப் படிவம் இல்லை என்றார். அவள் எழுந்து வந்தாள். அது நடந்து பதினாறு வருடம்.

ரெக்ஸ் கோட்டைத் திருப்பிக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. மொரீன் பணிஸ் வைப்பதை நிறுத்தினாள். வேலியோரம் நின்ற சொந்த ஆட்களும், எங்கட மனிசியே எங்களுக்குக் குழி வெட்டுது என்று அவள் காதுபடச் சொன்னார்கள். கொட்டகைக்குத் தேநீர் கொண்டுவந்தவன் எதிர்த்தரப்பு ஹேமிஷ் ஒருவன்தான். அவன் அதிகம் பேசுபவனல்ல. ஒருநாள் மட்டும் கேட்டான்: “வந்தால் நான் பாய்வன். உனக்குக் கோபம் வராதே?”

“பாயாட்டில்தான் வரும்,” என்றாள் தவராணி.

ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை வானத்தில் கடுகளவாக நின்ற பந்து உளுந்தளவானது. அதை முதலில் கண்டவள் அவள்தான், கண்டதும் ரெக்ஸுக்கு ஆளனுப்பினாள். வியாழன் பயற்றங்காய் விதை, வெள்ளி தேசிக்காய், சனி காலையில் மாங்காய், மதியம் தோலும் தையலும் தெரிகிற, ஒரு வருட வெயிலில் வெளுத்த பந்து, சுழன்று சுழன்று, எந்த அவசரமும் இல்லாமல். மூன்று மணிக்குப் போன வருடத்தின் முப்பத்துநான்கு பேரும் போன வருடம் நின்ற இடங்களில் நின்றார்கள். இரண்டு ஊரின் கார்களும் மைதானத்தைச் சுற்றி நெருக்கி நின்றன. முதியோர் இல்லத்துக்காரர்களைச் சக்கர நாற்காலிகளில் தள்ளி வந்திருந்தார்கள். ஆடுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். விரிப்புகளைக் கழற்ற நேரமிருக்கவில்லை.

நான்கு மணி நாற்பத்தொன்றுக்குப் பந்து சைலோவின் உயரத்துக்கு வந்தது, அங்கிருந்து எல்லாப் பந்துகளையும்போல விழத் தொடங்கியது. உயரமான இரண்டு கம்பங்களுக்கும் நடுவை நோக்கி நேராக வந்தது. ஹேமிஷ் மூன்றடி ஓடிப் பாய்ந்தான், கை முழுதாக நீண்டது, பந்து அவன் விரல்களுக்கு மேலால் கோட்டைத் தாண்டித் தவராணியின் காலடியில் விழுந்து, இரண்டுமுறை கோணலாகத் துள்ளி நின்றது.

நூற்றிருபது கார்களின் ஹோர்ன்களும் ஒன்றாக எழுந்தன. துஷ்யந்தன் மைதானத்தின் நடுவில் முழங்காலில் விழுந்தான். ரெக்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

தவராணி இன்னும் குனிந்தே நின்றாள். பந்து ஹேமிஷைக் கடக்கும்போது, நெல்லில் உமி வெடிப்பதுபோல, நகம் தோலில் உரசிய ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்தக் கணத்தில் சுழற்சி ஒரு மயிரிழை தடுமாறியதையும் கண்டாள். மூன்றடி தூரத்தில் நின்ற அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது. ஒருவனைத் தவிர.

ஹேமிஷ் எழுந்து மண்ணைத் தட்டினான். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

“தொடேல்லை.”

“தொட்டனீ.”

“ராணி.” அவன் குரலைத் தாழ்த்தினான். “எங்களுக்குக் கிளப் இருக்கு. எடு. நான் தாறன்.”

“நீ தாறதை எடுக்கவோ நான் ஒரு வருசம் நிண்டனான்?”

அவன் தன் விரல் நுனியைப் பார்த்தான். நகம் பிளந்திருந்தது. கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

தவராணி நிமிர்ந்தாள். ஒரு கையின் விரல்களை மறுகையால் தட்டிக் காட்டினாள், அது விரல் பட்டது என்பதற்கான சைகை. பிறகு ஒரு கொடியை எடுத்து வீசினாள். ஒரே ஒரு கொடி, இடமும் வலமுமாக, எல்லோருக்கும் தெரியும்படி, கை வலிக்கும்வரை.

ஹோர்ன்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசிக் கார் நின்றபோது விரிப்புகள் காற்றில் அடிபடும் சத்தம் கேட்டது. ஒரு புள்ளி. ஒரு புள்ளியால் தோல்வி. முப்பத்தாறாவது.

ரெக்ஸ் அவளை நோக்கி நடந்து வந்தார். பாதி தூரத்தில் நின்றார். அவளைப் பார்த்தார், வேலியில் தொங்கிய நாற்பது விரிப்புகளைப் பார்த்தார், கூழைக்கடாச் சட்டைக்குள் நின்றவர்களையும், சட்டை கிடைக்காமல் அவர்களுக்குப் பின்னால் நின்ற இன்னும் இருபது பேரையும் பார்த்தார். திரும்பித் தன் யூட்டுக்குப் போனார், கதவைத் திறந்தார், ஹோர்னில் கையை வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை. ஒரு புள்ளிக்கு ஹோர்ன் அடிப்பது அந்த மாவட்டத்தில் யாரும் கேள்விப்படாதது. மொரீன் தன் பேக்கரி வானில் அடித்தாள். பிறகு இறைச்சித் தொழிற்சாலைப் பஸ் அடித்தது. பிறகு எல்லாம் அடித்தன, லோவன்டேல் கார்களும் அடித்தன, கோலுக்கு அடித்ததைவிட நீளமாக, பற்றரிகள் இறங்கி ஹோர்ன்கள் ஆட்டுக்குட்டிபோலக் கம்மும்வரை அடித்தன. சட்டைக்காரர்கள் வட்டமாக நின்று, வென்றால் மட்டும் பாட வேண்டிய பாட்டைப் பாடினார்கள். ஜூலைக்குப் பிறகு எல்லோரும் வரிகளைப் பாடமாக்கியிருந்தார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் பென்னிங்டன் வந்தார். தவராணி கோட்டுப் பையிலிருந்து ஒரு வருடமாக வைத்திருந்த புள்ளி அட்டையை எடுத்தாள், ஓரங்கள் துணிபோல ஆகியிருந்தன. வாரமூக்கின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, கீழே கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு இன்னொரு தாளை விரித்தார். வாரமூக் கிளப் இன்றுடன் முடிந்தது, இதை நேரில் கண்டேன் என்று அதில் இருந்தது, கிளப்பைச் சேர்ந்த ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

“நீங்கள் நேர்மையான ஆள் எண்டு இண்டைக்கு ரெண்டு ஊரும் கண்டது,” என்றார். “இதிலையும் வையுங்கோ.”

தவராணி தாளை முழுதாக வாசித்தாள். தலையைத் தூக்கி மைதானத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, கம்பங்களைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். பேனாவை மூடி அவருடைய சட்டைப் பையில் செருகினாள்.

“கண்டதுக்கு வைச்சிட்டன்,” என்றாள். “இதை நான் இன்னும் காணேல்லை.”

பென்னிங்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சத்தத்தில் கேட்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு தன் காருக்குப் போனார். அதற்கு முன்னும் பின்னும் பற்றரி செத்த கார்கள் நெருக்கி நின்றன. தள்ளுவதற்கு ஆட்கள் பாட்டு முடிந்துதான் வர வேண்டும்.

இன்னும் முக்கால் மணி நேர வெளிச்சம் இருந்தது. ஹேமிஷ் பிளந்த நகத்தைச் சூப்பிக்கொண்டு கம்பங்களுக்கு முன்னால் வந்து நின்றான். துஷ்யந்தன் வெளுத்த பந்தை எடுத்துக்கொண்டு ஐம்பது மீற்றர் பின்னால் போனான். நுனி கீழே என்று ரெக்ஸ் யூட்டிலிருந்து கத்தினார். தவராணி இரண்டு கொடிகளையும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கோட்டின் பொத்தானைப் போட்டு, நடுவில் போய் நின்றாள்.

அவன் உதைத்தான். பந்து சாதாரணமாக வந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.